அரகலய 2022: கோபம், துக்கம், அடையாளம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையில் 2022இல் நடந்த மக்கள் எழுச்சியைப் பற்றித் தமிழில் பேசத் தொடங்கினால் இரண்டு பக்கத்திலிருந்தும் கேள்வி வரும். "அவ்வளவு பெரிய போராட்டம் நடந்தபோது யாழ்ப்பாணம் ஏன் சும்மா இருந்தது?" என்று தமிழ்நாட்டு நண்பர்கள் கேட்பார்கள். "அது சிங்களவரின் பெற்றோல் சண்டை, எங்களுக்கு என்ன?" என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து எழுதிய பதில்கள் இவை.

அரகலய என்றால் என்ன? தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அரகலய என்ற சிங்களச் சொல்லுக்குப் போராட்டம் என்று பொருள். 2022 மார்ச் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் வரை நீண்ட எழுச்சிக்கு அதுவே பெயராக நிலைத்துவிட்டது. மார்ச் 31 இரவு மிரிஹானையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் சொந்த வீட்டுக்குப் போகும் தெருவை மக்கள் நிரப்பினார்கள். மறுநாள் அவசரகாலச் சட்டம் வந்தது. அப்புறம் ஊரடங்கு, சமூக ஊடகத் தடை. ஏப்ரல் 3 இரவு பிரதமரைத் தவிர்த்து மற்ற அமைச்சர்கள் எல்லாரும் பதவி விலகினார்கள். ஏப்ரல் 9 முதல் கொழும்பு காலிமுகத்திடலில், ஜனாதிபதி செயலகத்துக்கு முன்னால், கூடாரம் அடித்து உட்கார்ந்துவிட்டார்கள். மே 9 கோட்டாபயவின் அண்ணனும் பிரதமருமான மகிந்த ராஜபக்ஷ விலகினார். ஜூன் 9 அவர்களின் தம்பி பசில் தன் பாராளுமன்றப் பதவியை விட்டார். ஜூலை 9 ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தார்கள். ஜூலை 13 கோட்டாபய மாலைதீவுக்குப் பறந்து, அடுத்த நாள் சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சலில் பதவி விலகல் கடிதம் அனுப்பினார். மாதம் 9ஆம் தேதியை நெருங்கினாலே கொழும்பில் "இந்த முறை யார்?" என்று கேட்கிற அளவுக்கு அது ஒரு பகிடியாகவே ஆகிவிட்டது.

மக்கள் பசியால்தானே தெருவுக்கு வந்தார்கள்?

பசி இருந்தது. ஆனால் பசியை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. இலங்கையில் இதற்கு முன்னும் பலர் பசியோடு இருந்திருக்கிறார்கள், ஜனாதிபதி மாளிகை வரை யாரும் போகவில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2019 கடைசியில் புதிய அரசு பெறுமதி சேர் வரியை (VAT) 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது. வருமானம் விழுந்தது. கொரோனாவால் சுற்றுலாப் பயணிகள் நின்றார்கள். 2021 ஏப்ரலில் ஒரே இரவில் முடிவெடுத்ததுபோல இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்துவதற்குள் நெல்லும் தேயிலையும் அடிவாங்கிவிட்டன. டொலர் கையிருப்பு கரைந்தது. 2022 ஏப்ரல் 12 வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது. மார்ச் மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டு. அச்சடிக்கத் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளித் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. எரிபொருளுக்காகக் காத்து நின்ற முதியவர்கள் வரிசையிலேயே விழுந்து இறந்தார்கள்.

இதில் வரிசை முக்கியம். காரில் வந்தவரும் முச்சக்கர வண்டி ஓட்டுநரும் ஒரே கியூவில் இரவு முழுக்க நின்றார்கள். கொழும்பில் அதற்கு முன் அவர்கள் இருவரும் பத்து நிமிடம் சேர்ந்து பேசியிருக்க வாய்ப்பு குறைவு. யார் யாருக்கு வாக்குப் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்ற பேச்சு அங்கேதான் நடந்தது. 2019 நவம்பரில் கோட்டாபயவுக்கு 52.25 சதவீத வாக்கு கிடைத்தது. நாட்டைக் காப்பாற்றிய வீரன், வேலை தெரிந்த நிர்வாகி என்று நம்பிப் போட்டவர்கள் அவர்கள். ஏமாந்தோம் என்ற உணர்வு பசியைவிடச் சூடானது. எதிர்த்து வாக்களித்தவருக்கு அந்த ஆட்சி மேல் வெறுப்புத்தான் இருக்கும். நம்பி வாக்களித்தவருக்கு வெறுப்போடு வெட்கமும் சேர்ந்துகொண்டது. காலிமுகத்திடலுக்கு வந்த பலர் "நானும் போட்டேன், தப்பு" என்று அட்டையில் எழுதிப் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

யார் தலைமை?

ஒருவரும் இல்லை என்பது அவர்களே விரும்பிச் சொன்ன பதில். பல்கலைக்கழக மாணவர் ஒன்றியம், முன்னிலை சோசலிசக் கட்சி, ஜேவிபி எனப்படும் மக்கள் விடுதலை முன்னணியின் இளைஞர்கள், தொழிற்சங்கங்கள், பாதிரிமார், கலைஞர்கள், எந்தக் கட்சியிலும் இல்லாத இளைஞர்கள் என்று பலர் இருந்தார்கள். கட்சிக்கொடி பிடிக்கக் கூடாது என்று ஒரு எழுதாத விதி. அதனால் கூட்டம் பெருகியது. அதே காரணத்தால், கோட்டா போன பிறகு என்ன என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் சொல்ல ஆள் இருக்கவில்லை.

காலிமுகத்திடலில் அப்படி என்னதான் இருந்தது?

ஒரு ஊர் இருந்தது. "கோட்டா கோ ஹோம்" என்ற கோஷத்தைத் திருப்பி "கோட்டா கோ கம" என்று பெயர் வைத்தார்கள். கம என்றால் கிராமம். சமையல் கூடாரம், முதலுதவிக் கூடாரம், சட்ட உதவிக் கூடாரம், கைபேசிக்கு மின்சாரம் ஏற்றுகிற சூரியத் தகடுகள், படம் காட்டும் கூடாரம், மாலையில் யாரும் வந்து பாடம் எடுக்கக்கூடிய திறந்த பல்கலைக்கழகம். யாரோ சில புத்தகங்களோடு தொடங்கிய நூலகம், ஆட்கள் கொண்டுவந்து கொடுத்துக் கொடுத்து நிரம்பிவிட்டது. காது கேளாதோர் தங்கள் சைகை மொழியில் கோஷம் போட்டார்கள். போரில் கால் இழந்த சிப்பாய்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். கன்னியாஸ்திரிகள் பொலிசுக்கும் இளைஞர்களுக்கும் நடுவில் கைகோத்து நின்றார்கள். ஏப்ரல் 14 சித்திரைப் புத்தாண்டுக்கு அங்கேயே பாற்சோறு பொங்கியது. அந்த ஆண்டு ரமழான் ஏப்ரல் தொடக்கத்தில் வந்தது. நோன்பு திறக்கும் நேரத்தில் சிங்கள இளைஞர்கள் கஞ்சி பரிமாறினார்கள்.

பலருக்கு அங்கே போவது போராடப் போவதாகவே இருக்கவில்லை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு, கடற்காற்று வாங்கி, ஒரு கோஷம் போட்டு, வடை தின்று வீடு திரும்பினார்கள். இதைப் பார்த்துத்தான் "பிக்னிக் போராட்டம்" என்று யாழ்ப்பாணத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் பாதிதான் உடன்பாடு. அரசைக் கண்டு பயந்து பழகிய குடும்பங்கள் குழந்தையோடு வந்து அரசுக்கு எதிராகக் கத்திவிட்டுப் போவது சின்ன விஷயம் அல்ல. ஆனால் அந்த உல்லாசம் யாருக்குக் கிடைத்தது என்று கேட்பதும் நியாயம். முல்லைத்தீவில் பத்துப் பேர் ஒரு மரத்தடியில் விளக்கேற்றினால் அதைப் படம் பிடிக்கப் புலனாய்வுக்காரர் வந்து நிற்பார்.

கேலியும் பாட்டும் போராட்டத்துக்கு எதற்கு?

பயத்தை உடைக்க. கோட்டாபய சாதாரண அரசியல்வாதி இல்லை. 2005 முதல் 2015 வரை பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர். வெள்ளை வான் (வேன்) கடத்தல்களும் பத்திரிகையாளர் கொலைகளும் நிறைந்த காலம் அது. அவருடைய பெயரைத் தொலைபேசியில் சொல்லவே தயங்கியவர்கள் சிங்களவரிலும் உண்டு. அப்படிப்பட்டவரைப் பார்த்துச் சிரிக்க முடியும் என்று தெரிந்த பிறகு, அவரை எதிர்த்து நிற்பது எளிதாகிவிட்டது.

பசிலுக்குக் காகம் என்று பட்டப்பெயர். "கபுடு காக் காக் காக்" என்று கூட்டம் கத்தும். சிறு பிள்ளைகள்கூடப் பேருந்தில் கத்தினார்கள். மே முதல் வாரம் பாராளுமன்றத்துக்குப் போகும் வழியைப் பொலிஸ் இரும்புத் தடுப்பு போட்டு மறித்தபோது, மாணவர்கள் அந்தத் தடுப்பு முழுக்க உள்ளாடைகளைக் காயப்போட்டார்கள். கண்ணீர்ப்புகைக்கும் தண்ணீர்ப் பீரங்கிக்கும் பயிற்சி எடுத்த பொலிசுக்கு, ஜட்டிக் கொடிக்கு என்ன செய்வது என்று எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்காது.

கேலிக்கு ஒரு எல்லையும் உண்டு. ஏப்ரல் 19 ரம்புக்கனையில் எரிபொருள் விலையை எதிர்த்து ரயில் பாதையை மறித்தவர்கள் மேல் பொலிஸ் சுட்டதில் ஒருவர் இறந்தார். அன்றைக்கு யாரும் காகம் பாடவில்லை.

தமிழர்கள் ஏன் தள்ளி நின்றார்கள்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான்.

வடக்கில் நடுத்தர வயதில் இருக்கிற எவரையும் கேட்டுப் பாருங்கள். 1990 முதல் பல ஆண்டுகள் பொருளாதாரத் தடை. மின்சாரம் கிடையாது. ஜாம் போத்தலில் பஞ்சும் சொட்டு மண்ணெண்ணெயும் போட்டு விளக்கு. அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் ஒரு தலைமுறை பரீட்சை எழுதியது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு சொட்டு பெற்றோல் காட்டி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். தெற்கு 2022இல் 13 மணிநேர மின்வெட்டைக் கண்டு கொதித்தபோது, யாழ்ப்பாணத்தில் "இப்பதான் தெரியுதோ?" என்ற குரல் எழுந்தது. அதில் கசப்பு இருந்தது. கொஞ்சம் குரூரமான திருப்தியும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அது மேற்பரப்பு. கோஷத்தைக் கவனியுங்கள். "கோட்டா வீட்டுக்குப் போ." கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 முதல் தெருவோரம் உட்கார்ந்திருக்கிற தாய்மார் அவரிடம் கேட்டது வேறு. போர் முடிவில் நாங்கள் இராணுவத்திடம் கையால் பிடித்து ஒப்படைத்த பிள்ளை எங்கே? அவர் வீட்டுக்குப் போய்விட்டால் யார் பதில் சொல்வது? தெற்கின் கோபம் "திருடன்" என்றது. வடக்கின் குற்றச்சாட்டு திருட்டைப் பற்றியதல்ல. "திருடிய பணத்தைத் திருப்பிக் கொடு" என்று பதாகை பிடித்த பல பேருக்குப் போர் முடிந்த 2009 இன்னும் வெற்றியாண்டுதான். கொள்ளையடித்ததற்காக வெறுத்தார்கள், போரை நடத்தியதற்காக இல்லை.

கொடியும் ஒரு காரணம். காலிமுகத்திடலில் எங்கு பார்த்தாலும் சிங்கக்கொடி. ராஜபக்ஷக்கள் சொந்தம் கொண்டாடிய தேசப்பற்றை அவர்களிடமிருந்து பறித்துக்கொள்வதாக அந்த இளைஞர்கள் நினைத்தார்கள். உண்மையிலேயே அவர்கள் அளவில் அது துணிச்சல்தான். போரின் கடைசிக் களமான முள்ளிவாய்க்காலிலிருந்து முள்வேலி முகாமுக்கு நடந்து வந்தவருக்கு அந்தக் கொடி வேறு ஒன்றை நினைவூட்டும். ஒரே துணி, இரண்டு நினைவு. இதை விளக்கிச் சொன்னபோது புரிந்துகொண்ட சிங்கள நண்பர்களும் உண்டு, "இப்பவும் பிரிவினையா?" என்று முகம் சுளித்தவர்களும் உண்டு.

அப்புறம் அந்த இடம். 1956 ஜூன் 5, சிங்களம் மட்டும் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்த நாள். தந்தை செல்வா தலைமையில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தது இதே காலிமுகத்திடலில். காடையர் கூட்டம் அடித்து நொறுக்கியது, பொலிஸ் வேடிக்கை பார்த்தது. அன்றைய பாராளுமன்றக் கட்டடம்தான் இன்றைய ஜனாதிபதி செயலகம். 2022இல் கூடாரம் அடித்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? தமிழ் வீடுகளில் பாட்டாமார் சொல்லித் தெரியும்.

கடைசியாக ஒன்று. தமிழர் அரசியல் இல்லாமல் சும்மா இருந்தார்கள் என்பதே தவறு. 2021 பிப்ரவரியில் கிழக்கில் பொத்துவில் முதல் வடக்கில் பொலிகண்டி வரை ஐந்து நாள் பேரணி நடந்தது. நீதிமன்றத் தடைகளையும் மீறித் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டோர், காணி, கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை எரித்தது, மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் 1,000 ரூபா நாட்சம்பளம் எல்லாம் அவர்கள் கோரிக்கையில் இருந்தன. கொழும்புப் பத்திரிகைகளுக்கு அது பெரிய செய்தியாகப் படவில்லை. ஒரு வருடம் கழித்து அதே கொழும்பு "நீங்கள் ஏன் வரவில்லை?" என்று கேட்டது.

அப்படியானால் தமிழர் யாருமே வரவில்லையா?

வந்தார்கள். கொழும்புத் தமிழர் வந்தார்கள், கிழக்கிலிருந்து இளைஞர்கள் வந்தார்கள், யாழ்ப்பாணத்திலும் சிறிய ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. வடக்கின் மீனவருக்கு இது தூரத்துச் சண்டையாகவும் இருக்கவில்லை: வெளியிணைப்பு இயந்திரப் படகு மண்ணெண்ணெயில் ஓடுவது, அது கிடைக்காத நாளில் கடலுக்குப் போக முடியாது. போனவர்கள் திரும்பி வந்து சொன்னவை ஒரே மாதிரி இல்லை. மேடையில் தமிழில் பேச ஒலிவாங்கி கொடுத்ததைப் பற்றி நெகிழ்ந்தவர்களும் உண்டு. இனப்பிரச்சினை பற்றிப் பேச ஆரம்பித்ததும் "அதைப் பிறகு பார்க்கலாம், முதலில் கோட்டா போகட்டும்" என்று சொல்லப்பட்டதாகக் கசந்தவர்களும் உண்டு. இந்தப் "பிறகு" தமிழர் அரசியலில் பழைய வார்த்தை.

தேசிய கீதத்தைத் தமிழில் பாடினார்களாமே. அது வெறும் காட்சியா?

காட்சிதான், ஆனால் வெறும் காட்சி என்று தள்ள முடியாது. 2016 சுதந்திர தின விழாவில் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தமிழில் பாடப்பட்டது. கோட்டாபய வந்தபின் 2020 விழாவில் நிறுத்திவிட்டார்கள். அவர் நிறுத்தியதை அவர் ஜன்னலுக்கு நேர் எதிரே பாடியது ஒரு அரசியல் பதில். கேட்ட சில தமிழருக்குக் கண் கலங்கியது. வேறு சிலர், "எங்களுக்குப் பாட்டு வேண்டாம், பிள்ளை வேண்டும்" என்றார்கள். இந்த இரண்டு உணர்ச்சியும் ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில் இருந்தது உண்டு.

மே 18 அன்று காலிமுகத்திடலில் என்ன நடந்தது?

முள்ளிவாய்க்கால் நினைவேந்தல். கொழும்பின் நடுவில், வெளிப்படையாக. விளக்கேற்றினார்கள், உப்புக் கஞ்சி கொடுத்தார்கள். போரின் கடைசி நாட்களில் வேறு எதுவும் கிடைக்காமல் மக்கள் குடித்த கஞ்சி அது. வடகிழக்கில் இந்தக் கஞ்சி கொடுத்ததற்கே பொலிஸ் தடுத்த ஆண்டுகள் உண்டு. தெற்கில் அரசு அந்த வாரத்தை வெற்றி விழாவாகக் கொண்டாடி வந்தது. அதே வாரத்தில் சிங்களவரும் மதகுருமாரும் நின்று இறந்த தமிழருக்காகத் தலைகுனிந்தார்கள்.

இந்த ஒரு நாளைத்தான் நான் அரகலயவின் மிகப் பெரிய நாளாக வைப்பேன், ஜூலை 9ஐ விடவும். கோபத்தைப் பகிர்ந்துகொள்வது சுலபம். எதிரி ஒருவன், வரிசை ஒன்று, கோஷம் ஒன்று என்றால் ஒரு வாரத்தில் லட்சம் பேர் சேர்வார்கள். இன்னொருவருடைய துக்கத்தில் கலந்துகொள்ள வேண்டுமானால், அந்தத் துக்கத்துக்கு யார் காரணம் என்ற கேள்வியையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். உங்கள் அண்ணன் ஆமியில் இருந்திருப்பான். நீங்களே 2009 மே மாதம் தெருவில் பாற்சோறு பகிர்ந்திருப்பீர்கள். அன்று வந்து நின்றவர்கள் கூட்டத்தில் சிறு பகுதி. மற்றவர்கள் எதிர்க்கவில்லை, ஒதுங்கிப் போனார்கள். சமூக ஊடகத்தில் "புலிகளை நினைவுகூர்கிறார்கள்" என்று வசவும் வந்தது.

முஸ்லிம்களுக்கு?

அவர்களிடம் கணக்கு வேறு. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு அப்பாவிகள் சந்தேகத்தில் வாழ்ந்தார்கள், கடைகள் எரிந்தன. 2020இல் கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று அரசு பிடிவாதம் பிடித்தது. பிறந்து 20 நாளே ஆன குழந்தையையும் எரித்தார்கள். 2021 பிப்ரவரி வரை அது நீடித்தது. அதனால் முஸ்லிம்களின் கோபத்துக்குப் பெற்றோல் தேவைப்படவில்லை. காலிமுகத்திடலில் நோன்பு திறந்ததை வெறும் நல்லிணக்கப் படமாகப் பார்க்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஈஸ்டர் குண்டில் இறந்தவர்களுக்கு நீதி கேட்ட கத்தோலிக்கரும் அதே திடலில்தான் நின்றார்கள். குண்டுவெடிப்புக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்ற சந்தேகம் இந்த இரண்டு சமூகத்தையும் ஒரே பக்கம் கொண்டுவந்தது.

மலையகம்?

ஹட்டன், தலவாக்கலை பக்கம் ஊர்வலங்கள் நடந்தன. ஆனால் நாட்சம்பளக்காரருக்கு ஒரு நாள் கொழும்புக்குப் போவது என்றால் அன்றைய சம்பளமும் பேருந்துக் காசும் போய்விடும். கோதுமை மா விலை ஏறியபோது முதலில் அடிபட்டது லயத்து அடுப்பு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். காலையும் மதியமும் ரொட்டிதான் அங்கே. உரத் தடையால் கொழுந்து குறைந்தது, கொழுந்து குறைந்தால் வேலை நாள் குறைந்தது. நெருக்கடியின் முழு எடையும் விழுந்த இடம் அது. கேமராக்கள் அங்கே போனது குறைவு.

அமைதிப் போராட்டம் என்கிறீர்கள். மே 9 வீடுகளை எரித்தது யார்?

அன்று காலை பிரதமரின் இல்லமான அலரி மாளிகையில் மகிந்தவின் ஆதரவாளர் கூட்டம் கூடியது. அங்கிருந்து வெளியே வந்து, முதலில் மாளிகை வாசலில் இருந்த கூடாரங்களை அடித்து, காலிமுகத்திடலுக்கு நடந்துபோய் அங்கும் கையில் கம்போடு புகுந்தது. பொலிஸ் ஆரம்பத்தில் தடுக்கவில்லை. செய்தி பரவியதும் கொழும்பு மாறிவிட்டது. அலுவலகத்தில் இருந்தவர்கள் இறங்கி வந்தார்கள், மருத்துவமனை ஊழியர்கள் வந்தார்கள். தாக்கியவர்கள் வந்த பேருந்துகள் நொறுங்கின, சிலரைக் கொழும்பின் பெய்ரா ஏரியில் தள்ளினார்கள். இரவுக்குள் நாடெங்கும் ஆளுங்கட்சியினரின் வீடுகள் எரிந்தன. நிட்டம்புவையில் ஒரு பாராளுமன்ற உறுப்பினரும் அவருடைய மெய்க்காவலரும் கொல்லப்பட்டார்கள். மகிந்த திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் ஒளிந்தார்.

இதற்குச் சாக்குச் சொல்ல நான் தயாரில்லை. தாக்கப்பட்டவர்களின் கோபம் நியாயம். ஓடுகிறவரைத் துரத்தி அடித்துக் கொல்வது நியாயம் இல்லை. ஜூலை 9 இரவு, மகிந்தவுக்குப் பின் பிரதமரான ரணில் விக்ரமசிங்கவின் சொந்த வீட்டை எரித்தபோது அவருடைய புத்தகச் சேகரிப்பும் போனது. யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதையோடு வளர்ந்தவர்களுக்குப் புத்தகம் எரிவதைப் பார்த்துக் கைதட்ட வராது, அது யாருடைய புத்தகமானாலும்.

ஜூலை 9 நீச்சல்குளப் படங்களை உலகமே பார்த்தது. அதற்கு மேல் என்ன?

எரிபொருள் இல்லாத நாள் அது. ரயில்களை ஓட்டச் சொல்லி நிலைய அதிபர்களை வற்புறுத்தி ஏறி வந்தார்கள். லொறியில், சைக்கிளில், நடந்தும் வந்தார்கள். கோட்டாபய கடற்படைக் கப்பலில் தப்பினார். உள்ளே போனவர்கள் குளத்தில் குதித்தார்கள், கட்டிலில் படுத்துப் பார்த்தார்கள். 1 கோடியே 78 லட்சம் ரூபா பணத்தைக் கண்டெடுத்து எண்ணிப் பொலிசிடம் ஒப்படைத்தார்கள். அந்தக் குளத்தை விட இந்த எண்ணுதல் எனக்குப் பிடிக்கும். "திருடன்" என்று நூறு நாள் கத்தியவர்கள் தாங்கள் திருடவில்லை என்று காட்டியே ஆக வேண்டியிருந்தது. ஜனாதிபதிக் கொடியைக் கட்டில் விரிப்பாகப் போட்டுப் படுத்தவர் பின்னால் கைதானார்.

இலங்கையில் இதற்கு முன் இப்படி நடந்ததுண்டா?

1953 ஆகஸ்ட் 12 ஹர்த்தால். அரிசி மானியத்தை வெட்டி, ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானது. இடதுசாரிகள் அழைக்க, நாடு நின்றது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூடியது. பிரதமர் டட்லி சேனநாயக்க இரண்டு மாதத்தில் விலகினார். கூடவே நினைவில் வைக்க வேண்டியது: அந்த ஹர்த்தாலுக்கு மூன்றே ஆண்டில் சிங்களம் மட்டும் வந்தது. அரிசிக்காக ஒன்றாகக் கொதித்த தெற்கு, மொழிக்கு வந்தபோது ஒன்றாக இருக்கவில்லை. 2022இல் தமிழ் முதியவர்கள் காட்டிய நிதானத்துக்கு இந்தப் பாடமும் ஒரு காரணம்.

கடைசியில் வென்றதா, தோற்றதா?

கோட்டாபய போனார். ஜூலை 20 பாராளுமன்றம் 134 வாக்குகளோடு ரணிலை ஜனாதிபதியாக்கியது. அவருடைய கட்சிக்கு அங்கே அவர் ஒருவர்தான் உறுப்பினர். பதவியேற்ற மறுநாள், ஜூலை 22 விடியுமுன், இராணுவம் காலிமுகத்திடலில் இறங்கி அடித்தது. செயலகத்தை அன்று பிற்பகல் நாங்களே ஒப்படைக்கிறோம் என்று போராட்டக்காரர்கள் ஏற்கெனவே அறிவித்திருந்தார்கள். ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் கூடாரம் எல்லாம் போய்விட்டது. செப்டம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம்.

மாணவர் தலைவர் வசந்த முதலிகேயைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மாதக்கணக்கில் அடைத்தார்கள். 2023 தொடக்கத்தில்தான் வெளியே வந்தார். 1979இல் தமிழருக்கு எதிராக வந்த சட்டம் அது, விசாரணை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்த தமிழ் இளைஞர் ஏராளம். தெற்கின் புதிய தலைமுறை அந்தச் சட்டத்தைத் தன் உடம்பில் உணர்ந்தது அப்போதுதான். 2022 செப்டம்பரில் அதை நீக்கக் கோரிக் காங்கேசன்துறையிலிருந்து அம்பாந்தோட்டை வரை ஒரு கையெழுத்து வண்டி புறப்பட்டது. தமிழ் அரசியல்வாதிகளோடு தெற்கின் தொழிற்சங்கத்தினரும் அதில் சேர்ந்தார்கள். காலிமுகத்திடலில் முடியாமல் போனது சிறைக் கதவு வழியாகக் கொஞ்சம் நடந்தது என்று நினைக்கிறேன். சட்டம் மட்டும் போகவில்லை: 2025 மார்ச்சில் கொழும்பில் ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு முஸ்லிம் இளைஞரையும் அதே சட்டத்தில்தான் பிடித்தார்கள்.

2023 நவம்பரில் நாட்டின் உச்ச நிலை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் பொருளாதார வீழ்ச்சிக்கு ராஜபக்ஷ சகோதரர்கள் உள்ளிட்டவர்கள் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. தண்டனை எதுவும் இல்லை.

தள்ளி நின்ற அதே யாழ்ப்பாணம் 2024இல் தேசிய மக்கள் சக்திக்கு வாக்களித்ததே, மனம் மாறிவிட்டதா?

தேசிய மக்கள் சக்தியின் தலைவர் அனுரகுமார திசாநாயக்க 2019இல் 3 சதவீத வாக்கு வாங்கியவர், 2024 செப்டம்பரில் ஜனாதிபதியானார். அந்தத் தேர்தலில் யாழ்ப்பாணம் அவருக்குப் பெரிதாக வாக்களிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறில் மூன்று இடம் அவருடைய கூட்டணிக்குப் போனது. தெற்கிலிருந்து வந்த கட்சி தமிழ்க் கட்சிகளை அங்கே பின்தள்ளியது அதுவே முதல் தடவை.

இதை அரகலயவின் தாமதமான வெற்றி என்று கொழும்பில் எழுதினார்கள். எனக்கு அது பெரும்பாலும் தமிழ்க் கட்சிகள் மேல் இருந்த சலிப்பு: பதினைந்து ஆண்டாக ஒரே பேச்சு, உள்ளே குத்துவெட்டு, பிள்ளைகளுக்கு வேலை இல்லை. அந்தக் கூட்டணியின் மையக் கட்சியான ஜேவிபி ஒரு காலத்தில் வடக்கையும் கிழக்கையும் பிரிக்க நீதிமன்றம் போன கட்சி என்பது வாக்களித்தவர்களுக்குத் தெரியும். தெரிந்தே போட்டார்கள், கொஞ்சம் கோபத்தில், கொஞ்சம் "இவனையும் பார்ப்பம்" என்ற எண்ணத்தில். மட்டக்களப்பு அதே தேர்தலில் தமிழரசுக் கட்சியோடு நின்றது. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாணத்திலும் தமிழரசுக் கட்சியே மறுபடி முன்னுக்கு வந்தது.